கருதலைக் காண்டலாக்குதல்: மண்டகப்பட்டின் வெற்றறைகளும் மிகைமெய்யும்

கோயிலில் இருந்த திருமேனி அருங்காட்சியகத்துக்கு வரும்போது அதனுடன் வராமல் போகிறவை பல: விளக்கொளி, அலங்காரம், ஓதுவார் குரல், திரை விலகும்வரை காத்து நிற்கும் நேரம். 1851இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் நிற்கும் ஓர் உற்சவமூர்த்தியை, திருவீதியில் நின்று கும்பிட்ட அடியார் ஒருநாளும் பார்த்திராத முறையில், அதாவது பட்டும் மாலையும் இன்றி, வார்ப்பின் ஒவ்வொரு வளைவும் தெரியும்படி, இன்றைய பார்வையாளர் பார்க்கிறார். அடியார் பார்த்தது எதுவோ அது மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இந்தக் குறையைப் போக்குவதாகச் சொல்லி வந்திருப்பதுதான் தொழில்நுட்பத் துறையினர் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்று வழங்குவதும், தமிழில் ‘மிகைமெய்’ என்று சொல்லப்படுவதுமாகிய முறை. கைப்பேசியையோ கண்ணாடியையோ எதிரே பிடித்தால், உள்ள பொருளின் மேல் இல்லாத பொருள் பொருந்தித் தெரியும். திருமேனிக்குப் பட்டு உடுத்தலாம், இடிந்த மண்டபத்துக்குக் கூரை வேயலாம், தலை இழந்த சிற்பத்துக்குத் தலை வைக்கலாம். வருகையாளரை ஈர்க்கும் உத்தி என்ற அளவில் இதை மதிப்பிடுவது எளிது. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அவ்வாறு தெரிவதைக் ‘கண்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அச்சொல்லுக்குப் பொருள் என்ன?

கருவி இயங்கும் விதம் இக்கேள்விக்குத் தொடர்புடையது. கைப்பேசியின் ஒளிப்படக் கருவி எதிரே உள்ள பரப்பில் விளிம்பு, விரிசல், கறை, முனை போன்ற தனித்துத் தெரியும் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, கருவியின் சாய்வையும் அசைவையும் அளக்கும் உணரிகளின் கணக்கோடு அவற்றைச் சேர்த்து, பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எத்திசை நோக்குகிறார் என்பதை நொடிக்குப் பலமுறை கணிக்கிறது. அந்தக் கணிப்பின்படி, முன்பே ஆக்கி வைத்த முப்பரிமாண உருவத்தைத் திரையில் திருப்பிப் பொருத்துகிறது. சொரசொரப்பான பாறைமுகம் இதற்கு ஏற்றது. வழவழப்பான தூணும் இருண்ட அறையும் ஏற்றவை அல்ல. அங்கே பிடிக்கப் புள்ளி இல்லாமல் கணிப்பு தடுமாற, தரையில் நிற்க வேண்டிய உருவம் ஒரு சாண் உயரத்தில் மிதக்கும், ஆள் நகர்ந்தால் அதுவும் வழுக்கிக்கொண்டே கூட வரும். கருவறை என்பதே இருள் கூடிய இடம் என்பதால், இந்தக் கருவி தடுமாறும் இடமும் தெய்வம் உறையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுவது வேடிக்கையான பொருத்தம்.

இம்முறைக்குப் பெயர் தந்தவர்கள் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் காடெலும் டேவிட் மைசலும். அவர்களுடைய 1992ஆம் ஆண்டுக் கட்டுரையின் நோக்கம் விமானத்தைக் கட்டும் தொழிலாளிக்கு எந்தக் கம்பி எவ்வழி போக வேண்டும், எங்கே துளையிட வேண்டும் என்பதைக் கண்முன்னே காட்டுவது. அங்கே தோற்றம் முதலில் வரும், பொருள் பின்னால் வரும். காட்டிய வழி தவறாக இருந்தால் கம்பி பொருந்தாது, தவறு உடனே வெளிப்பட்டுவிடும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் இடிந்த கோயில்களின் மேல் அவற்றின் பழைய வடிவத்தைப் பொருத்திக் காட்டியபோது இந்த வரிசை தலைகீழானது. பொருள் முன்பே அழிந்துவிட்டது, தோற்றம் பின்னால் வருகிறது. அது தவறானாலும் எதிரே நின்று ‘பொருந்தவில்லை’ என்று மறுக்க அங்கே ஏதும் இல்லை.

மறுக்க ஏதும் இல்லாத இத்தகைய தோற்றத்தை எடைபோட, காட்சி, ஊகம், பிறர் சொல் ஆகியவற்றை வகைபிரித்து அவற்றின் எல்லைகளை வரையறுத்த மரபு ஒன்று உதவும்; அது மண்டகப்பட்டு அமைந்த விழுப்புரம் மாவட்டத்தோடு நேரடித் தொடர்புடையது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களில் சைவ சித்தாந்தத்தை நிறுவியது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் அதன் வழிநூலாகச் சிவஞான சித்தியாரைச் செய்தார். ஆசிரியரின் பெயரிலேயே ‘மெய்யைக் கண்டவர்’ என்ற பொருள் இருப்பதும், அவர் வழிபட்டதாக மரபு சொல்லும் பொல்லாப் பிள்ளையாரின் பெயருக்குப் ‘பொள்ளாப் பிள்ளையார்’, அதாவது உளியால் பொளியப்படாதவர், என்று விளக்கம் சொல்லப்படுவதும் இப்பொருளுக்கு வாய்த்த நல்ல துணைகள். சித்தியார் தன் வாதத்தைத் தொடங்குமுன் அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் வழிகளை, ஆராய்கிறது. பிறர் ஆறு என்றும் பத்து என்றும் எண்ணிய அளவைகள் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடங்கும் என்பது அதன் முடிவு. காண்டல் என்பது பொறிவழி நேரே அறிவது. கருதல் என்பது புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல் கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது. உரை என்பது நம்பத்தகுந்தோர் சொல்லால் அறிவது. காண்டலிலும் பழுதுண்டு. தெளிவில்லாமல் இதுவோ அதுவோ என்று தடுமாறுவது ஐயம். ஒன்றை மற்றொன்றாகவே துணிந்துவிடுவது திரிபு.

இந்த வகைப்பாட்டை அருகே வைத்துப் பார்த்தால் மிகைமெய் செய்யும் வேலை என்னவென்று துல்லியமாகத் தெரியும். இடிபாட்டின் மேல் பொருத்தப்படும் கோபுரம் கருதலின் விளைவு. எஞ்சிய அடித்தளம், சமகாலக் கோயில்கள், கல்வெட்டுச் செய்தி, சிற்பநூல் அளவு ஆகியவற்றைக் கொண்டு ஆய்வாளர் ஊகித்தது. அந்த ஊகத்தில் உரையும் கலந்திருக்கிறது. ஆனால் பார்ப்பவருக்கு அது ஊகமாக வந்து சேர்வதில்லை. அவர் நிற்கும் தரையில் ஊன்றி, அவர் நகர்ந்தால் கோணம் மாறி, உண்மைக் கல்லுக்குப் பக்கத்தில் அதே வெயிலில் நிற்கும் காண்டலாக வருகிறது. கருதலைக் காண்டலின் உடையில் அனுப்புவதே இக்கருவியின் தனித்தொழில். நூலிலும் வரைபடத்திலும் ஊகம் ஊகமாகவே நிற்கும், தாளுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள தூரம் அதைக் காத்து நிற்கும். மிகைமெய்யில் அந்தத் தூரம் இல்லை. ஆகவே அதைப் பொய் என்று தள்ளுவதும் மெய் என்று கொள்ளுவதும் ஒரே அளவு அவசரமானவை. ஒவ்வோர் இடத்திலும் அதன் அடியில் உள்ள கருதல் எவ்வளவு வலியது என்று கேட்பதே முறை. மாவட்டத்தின் இரண்டு பல்லவர் இடங்களில் இக்கேள்விக்கு இரு வேறு விடைகள் கிடைக்கின்றன.

முதலாவது, விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டு. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த இந்தக் குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு, பிரமன், ஈசுவரன், திருமால் ஆகியோர்க்கு உரிய இக்கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இன்றி விசித்திரசித்தன் அமைத்தான் என்று அறிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் விருதுப்பெயர். புதுமை நாடும் உள்ளத்தான் என்று அதைக் கொள்ளலாம். தமிழகக் கட்டடக்கலை வரலாறு இந்தப் பெருமிதத்தைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறது. குறைவாகப் பேசப்படுவது அக்கோயிலின் உள்ளே இருப்பது, அல்லது இல்லாதது. முகப்பின் இரு முனைகளிலும் வாயிற்காவலர் நிற்கின்றனர். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றிலும் மூர்த்தி இல்லை. கல்வெட்டு மூவரின் பெயரைச் சொல்கிறது, அறைகள் மூன்றும் வெறுமையாக இருக்கின்றன. சுதையாலோ மரத்தாலோ வண்ணத்தாலோ ஆன உருவங்கள் அங்கே இருந்து அழிந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். ஆனால் சுதையும் மரமும் இன்றிச் செய்ததாகப் பெருமை கொண்ட மன்னன், தெய்வத்தை மட்டும் அவற்றால் செய்திருப்பானா என்ற எதிர்வினா உடனே எழும். கோயிலுக்கு வேண்டாதது மூர்த்திக்கு வேண்டியிருக்கலாம் என்று அதற்கு மறுமொழியும் உண்டு. ஆக, அங்கே அமர வேண்டிய உருவத்தின் பொருள், அளவு, கோலம் எதுவும் துணியப்படாதது.

இங்கே செயலி ஒன்று மூன்று அறைகளிலும் நான்முகனையும் ஈசனையும் மாயோனையும் மின்ன மின்ன நிறுத்தினால், வருகையாளர் மகிழ்ந்து போவார் என்பதில் ஐயமில்லை. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல், பாறையும் கூட இல்லாமல் அமைந்த கோயில் என்று புதிய விசித்திரசித்தர் ஒருவர் மார்தட்டிக்கொள்ளவும் இடமுண்டு. ஆனால் அந்த உருவங்கள் அங்கே வந்த கணத்தில் மண்டகப்பட்டின் உண்மையான பொருள்களில் ஒன்று காணாமல் போகிறது: வெறுமை. அளவைகளை எண்ணும் வரிசையில் ‘அபாவம்’ என்றும் ஒன்று உண்டு. இன்மையை அறிதல் என்று அதற்குப் பொருள். இத்தரையில் குடம் இல்லை என்று அறிவதும் ஓர் அறிவே என்பது அதன் அடிப்படை. சித்தியார் அதைத் தனி அளவையாக ஏற்காமல் மூன்றனுள் அடக்கியது என்றாலும் இன்மையறிவை அறிவல்ல என்று தள்ளவில்லை. மண்டகப்பட்டுக்குப் போகிறவர் பெறத்தக்க முதல் அறிவு அந்த இன்மையறிவுதான். அதை நிரப்பிவிடும் படம் புதிதாக ஓர் அறிவைத் தருவதில்லை, இருந்த ஓர் அறிவை எடுத்துவிடுகிறது.

இரண்டாவது இடம் பனைமலை. ஏரிக்கரைக் குன்றின் மேல் இராசசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலின் துணைக்கருவறை ஒன்றில், சுண்ணப் பூச்சின் மேல் தீட்டிய ஓவியத்தின் ஒரு பகுதி பிழைத்திருக்கிறது. தலைக்குமேல் குடை, மகுடம் அணிந்த தேவி ஒரு காலை மடக்கி, உடல் சற்றே சாய, தலை கவிந்து நிற்கிறாள். பூச்சு உதிர்ந்த விளிம்புகளைத் தாண்டி அவள் பார்வை எதையோ நோக்கியிருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருப்பது சிவனுடைய ஆடல். ஆடுகிறவன்தான் சுவரில் ஏறக்குறைய இல்லை. பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் இந்த ஓவியத்தை உலகுக்கு அறிவித்த காலத்திலிருந்து, காணாத நடனத்தைக் காணும் அந்த முகம் கலை வரலாற்று நூல்களில் இடம்பெற்று வருகிறது.

மண்டகப்பட்டுக்கும் பனைமலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: பனைமலையில் கருதலுக்கு நிற்க இடம் இருக்கிறது. அதே மன்னன் காஞ்சியில் எடுத்த கைலாசநாதர் கோயிலில் அதே காலத்து ஆடல் வடிவங்கள் கல்லில் நிற்கின்றன. காஞ்சிக் கல்வெட்டின் ஒரு சுலோகமே பனைமலையிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சுவரில் கோடுகளும் வண்ணத் தடங்களும் எஞ்சியிருக்கின்றன. இவற்றைக் கொண்டு மறைந்த வடிவத்தை வரைவது புகையைக் கண்டு நெருப்பை உணர்வதற்கு நெருக்கமான செயல். அதே நேரத்தில் சுவரின் மேல் தூரிகை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. 1964இல் உருவான வெனிஸ் சாசனம் மீட்டமைப்புப் பணி ஊகம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்று விதித்தது. உலகத் தொல்லியல் துறைகள் மதிக்கும் விதி அது. சுவரைத் தொடாமல் சுவரின் மேலேயே ஊகத்தைக் காட்ட மிகைமெய்யால் முடியும் என்பதால், பனைமலை போன்ற இடத்தில் அதை மறுப்பது பிடிவாதம்.

எப்படிக் காட்டுவது என்பதே அடுத்த வினா. கணினிவழி மீட்டுருவாக்கத்துக்கென 2006இல் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தம் பெற்ற லண்டன் சாசனம், காட்டப்படுவதில் எது சான்றுள்ளது, எது ஊகம் என்று பார்ப்பவர் அறியும்படி செய்ய வேண்டும் என்கிறது. பனைமலையில் இதன் பொருள், எஞ்சிய தடத்தைத் தொடரும் கோடு அழுத்தமாகவும், காஞ்சிச் சிற்பத்தைக் கொண்டு ஊகித்த கை மங்கலாகவும், எதுவும் தெரியாத இடம் வெறுமையாகவும் தெரிய வேண்டும் என்பது. வழக்கத்தில் நடப்பது வேறு. விற்பனைக்கு வரும் காட்சிகள் எல்லாவற்றையும் ஒரே பளபளப்பில் முடித்துத் தருகின்றன, ஏனெனில் மங்கலான தெய்வத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். ஐயமாக நிற்க வேண்டியது அங்கே திரிபாகிவிடுகிறது.

இழப்பு அண்மையதாகவும் அனைவரும் அறிந்ததாகவும் இருந்தால் இந்த இடர் குறைவு. 2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் பாமியானில் தகர்க்கப்பட்ட பெரும் புத்தர் சிலைகளின் வெற்று மாடம் ஒன்றில், 2015 ஜூனில் சீனத் தம்பதியர் ஒளியால் ஆன உருவத்தை இரவில் நிறுத்தினர். அது கைப்பேசித் திரையில் காட்டியது அன்று, வெளியில் வீசிய ஒளி, ஆயினும் இனமொன்றுதான். இருந்த சிலையின் ஒளிப்படங்கள் உண்டு, அது எப்படிப் போனது என்பதை அங்கே நின்ற ஒவ்வொருவரும் அறிவர். எனவே அந்த ஒளி இன்மையை மறைக்கவில்லை, அதைச் சுட்டியது.

இனி, வழிபடுவோர் பக்கத்திலிருந்து எழும் கேள்வி. ஒளியால் ஆன உருவத்துக்குத் தெய்வத்தன்மை உண்டா? ‘வெறும் படம்தானே’ என்று விடை சொல்லிக் கடந்துவிட ஆகம மரபு இடம் தருவதில்லை, ஏனெனில் அம்மரபில் படமும் நிழலும்கூட மூர்த்தியாகும் தருணங்கள் உண்டு. திருப்பணிக்காகக் கருவறை மூடப்படும்போது மூலவரின் கலைகளைக் கும்பத்துக்கு ஈர்க்கும் கலாகர்ஷணம் நடந்து, பாலாலயத்தில், அதாவது தற்காலிக இளங்கோயிலில், பலகையில் எழுதிய உருவத்தில் அத்தெய்வத்தை எழுந்தருளச் செய்வது உண்டு. நீர் பட்டால் அழிந்துவிடும் ஓவியத் திருமேனிக்கு எதிரே கண்ணாடியை வைத்து, அதில் விழும் பிம்பத்துக்குத் திருமஞ்சனம் செய்யும் முறையும் உண்டு. ஒரு நாள் பூசைக்கு மண்ணால் பிடித்த பிள்ளையார் மறுநாள் குளத்தில் கரைகிறார். பொருளின் கனமோ ஆயுளோ தெய்வத்தன்மையைத் தீர்மானிப்பதில்லை என்பதே இவற்றின் உட்கிடை. எனவே திரையில் தெரியும் உருவம் மூர்த்தி ஆகாமல் நிற்பதற்குக் காரணம் அது ஒளி என்பதன்று. அதை யாரும் ஆவாகனம் செய்யவில்லை, அதாவது ‘இங்கே எழுந்தருள்க’ என்று அழைக்கவில்லை. கருவி அழைத்தது, தரவு வந்தது.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா ஆலயத்தையும் அரனாகவே வழிபடச் சொல்கிறது. எங்கும் உள்ளவன் ஆலயத்தில் மட்டும் என்ன தனியாக இருக்கிறான் என்ற கேள்விக்குச் சைவர் சொல்லும் விடை பாலும் தயிரும்: மற்ற இடங்களில் பாலில் நெய்போல் மறைந்திருப்பவன், ஆலயத்தில் தயிரில் நெய்போல் விளங்கி நிற்கிறான். இந்த உவமையில் கவனிக்கத்தக்கது, தயிரிலும் நெய் தானாகத் திரண்டு மேலே வந்து நிற்பதில்லை என்பது. கடைய வேண்டும். அந்தக் கடைதலுக்கு மரபு தரும் பெயர்களில் ஒன்று பாவனை, அதாவது உள்ளத்தில் உருவை நிறுத்திப் பழகுதல். மிகைமெய் கடைவதில்லை, நெய்யின் படத்தை மேலே மிதக்க விடுகிறது.

பாவனையின் எல்லையைக் காட்டப் பெரிய புராணம் பூசலார் வரலாற்றைச் சொல்கிறது. திருநின்றவூரில் கோயில் எடுக்கப் பொருள் கிடைக்காத பூசலார், மனத்திலேயே நிதி தேடி, தச்சரை அமர்த்தி, நாள் பார்த்து அடிநிலை இட்டு, விமானமும் மதிலும் குளமும் கிணறும் ஒவ்வொன்றாக எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நின்ற காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, அன்பன் கோயிலுக்குத் தான் போக வேண்டியிருப்பதால் நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னான். அந்தக் காடவர்கோன் இராசசிம்மன் என்றும், கற்றளி கைலாசநாதர் கோயில் என்றும் கொள்ளும் ஆய்வாளர் பலர். அவ்வாறானால் பனைமலையைக் கட்டியவனும் அவனே. கல்லில் கட்டத் தெரிந்தவர்களுள் முதல்வரிசையில் நின்ற ஒருவன், பார்வைக்கே வராத கோயிலின் முன் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பூசலாரின் கோயிலை மிகைமெய்யின் முன்னோடி என்று சிலர் புகழக்கூடும். இரண்டும் இல்லாததை நிறுத்துவன என்ற அளவில் அது சரி. ஆனால் பூசலார் தம் கோயிலைப் பார்க்கவில்லை, கட்டினார். ஒரு செங்கல்லும் அவருக்கு இலவசமாக வரவில்லை. கைப்பேசியில் ஒரு நொடியில் எழும் விமானத்தைப் பார்ப்பவர் எதையும் கட்டுவதில்லை. அவர் செய்ய வேண்டிய பாவனையை மென்பொருள் அவருக்காகச் செய்து முடித்திருக்கிறது. பனைமலைத் தேவியின் எதிரே இரண்டு நிமிடம் வெறுங்கண்ணோடு நின்றவர், அவள் பார்வையின் சாய்விலிருந்து ஆடுகிறவனைத் தாமே தேடத் தொடங்கியிருப்பார். அந்தத் தேடலுக்குப் பின் திரையை எடுத்தால் அது துணை. முன்பே எடுத்தால் தேடல் நிகழாமலே போய்விடும். எனவே இத்தகைய இடங்களில் செயலியை உருவாக்குவோர் முடிவுசெய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது உருவம் எவ்வளவு துல்லியம் என்பதன்று, அது எவ்வளவு தாமதமாக வரும் என்பது.

சமணர் நிலை சைவர் நிலையிலிருந்து வேறு என்பதால் அவர்கள் இடத்தில் இவ்வாதம் அப்படியே செல்லாது. விடுதலை பெற்ற தீர்த்தங்கரர் எந்தப் பிம்பத்திலும் வந்து உறைவதில்லை. பிம்பம் அவர் குணங்களை நினைப்பதற்கு ஒரு பற்றுக்கோடு. அந்த அளவில், மேல்சித்தாமூரில் மடம் கொண்டு இம்மாவட்டத்தில் தொடர்ந்து வாழும் தமிழ்ச் சமண மரபுக்கு ஒளிப்படிமத்தோடு கோட்பாட்டுச் சிக்கல் குறைவாகவே இருக்கும் என்று தோன்றும். ஆனால் செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று இந்த எளிமையை அனுமதிப்பதில்லை. அங்கே ஒரு பெரும்பாறையில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அங்குள்ள கல்வெட்டு, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரிகரின் நிசீதிகை, அதாவது நோன்பிருந்து மறைந்த இடத்தின் நினைவு, என்று குறிக்கிறது. தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து அது.

காட்சி அமைப்போர்க்கு இதைவிட ஆசை காட்டும் இடம் அரிது. மெலிந்த முனிவர் ஒருவரைப் பாறையில் அமர்த்தி, நாள்தோறும் உடல் சுருங்குவதைக் காட்டினால் கூட்டம் கண்கலங்கும். ஆனால் அவர் அந்த ஐம்பத்தேழு நாளும் செய்தது உடல் என்ற பற்றைக் கழற்றியது. அவருக்கு மீண்டும் ஓர் உடலைப் பூட்டிப் பாறையில் உட்கார வைப்பது, அந்த நோன்பின் பொருளை அறியாதவர் செய்யும் உபசாரம். அப்பாறையில் திரைக்கு வேறு வேலை இருக்கிறது. நூற்றாண்டுகளின் வெயிலிலும் மழையிலும் தேய்ந்த எழுத்துகள், ஒளி நேரே விழும் உச்சிவேளையில் கண்ணுக்குச் சிக்குவதில்லை. சாய்ந்த ஒளியில் எடுத்த படங்களைத் தொகுத்து, ஒவ்வொரு கீறலின் மேலும் மெல்லிய கோடு ஒன்றை ஓடவிட்டு, அருகே இன்றைய எழுத்து வடிவத்தையும் காட்டினால், எழுத்துக் கூட்டத் தெரிந்த பள்ளிச் சிறுவனும் விரலால் தொடர்ந்து அந்த நாட்கணக்கை வந்தடையலாம்.